பழைய எம்.ஜி.பி.க்கு எந்தப் பேட்டரி பொருந்தும்?

கேள்வி: ஐயா, என் தாய்மாமா காலமான பிறகு அவருடைய 1966ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. இரண்டுமே இப்போது சார்ஜ் ஏறுவதில்லை. வண்ணார்பேட்டைக் கடை அண்ணாச்சி, இந்த அளவில் 6 வோல்ட் கிடைப்பது கடினம் என்றும், 65 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 12 வோல்ட் பேட்டரி ஒன்றை டிக்கியில் வைத்துவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும் என்றும் சொல்கிறார். மெக்கானிக்கோ இது பாசிட்டிவ் எர்த் கார், வயரிங்கை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றினால்தான் இக்காலப் பேட்டரி போட முடியும் என்கிறார். காரை மாதம் ஒரு முறையும், குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் ஓரிரு முறையும் மட்டுமே எடுப்பேன். யார் சொல்வதைக் கேட்பது?
— பாளையங்கோட்டை வாசகர்

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். முதலில் மெக்கானிக்கின் அச்சத்தைத் தீர்த்துவிடுவோம். பாசிட்டிவ் எர்த், நெகட்டிவ் எர்த் என்பது காரின் உடலோடு எந்த முனை இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றியதே தவிர, பேட்டரியின் தன்மையைப் பற்றியது அன்று. கடையில் விற்கும் எந்த 12 வோல்ட் பேட்டரியையும், பாசிட்டிவ் முனையை உடலோடும் நெகட்டிவ் முனையை செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளோடும் இணைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. 1967 வரை பாசிட்டிவ் எர்த்தாகவே வந்தது. பேட்டரிக்காக மட்டும் அதை மாற்றுவது தேவையற்ற செலவு. மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் காந்த முனைவை மாற்ற வேண்டும், இக்னிஷன் காயிலின் இணைப்பை மாற்ற வேண்டும், உங்கள் காரில் உள்ள மின்னணு ஆர்.பி.எம். மீட்டரைத் திறந்து உள்ளே மாற்றம் செய்ய வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக இருந்த பொருட்களில் கை வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் மெக்கானிக்கின் கவலையில் ஓர் உண்மை இருக்கிறது. கடையில் வேலை செய்யும் பையன் பழக்கத்தினால் நெகட்டிவை உடலில் மாட்டிவிட்டால், அந்த ஆர்.பி.எம். மீட்டர் கெடும், ரேடியோ இருந்தால் அதுவும் கெடும், எஞ்ஜின் ஓடத் தொடங்கியதும் ரெகுலேட்டரில் (டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) டைனமோவைப் பேட்டரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்-அவுட் முனைகள் தீய்ந்துபோகும். எனவே தாங்களே ஓர் அட்டையில் 'பாசிட்டிவ் எர்த்' என்று எழுதிப் பேட்டரி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கழற்றும் வரிசையும் இந்தக் காரில் தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். மற்றக் கார்களில் நெகட்டிவை முதலில் கழற்றுவதற்குக் காரணம் அதுவே எர்த் முனை என்பதுதான். தங்கள் காரில் எர்த் முனை பாசிட்டிவ் என்பதால் அதையே முதலில் கழற்றி, அதையே கடைசியில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனரின் மறுமுனை காரின் உடலைத் தொட்ட கணமே தீப்பொறி பறக்கும்.

இனிக் கடைக்காரர் சொன்ன பெரிய பேட்டரி. அண்ணாச்சி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். லாரிக்கும் டிராக்டருக்கும் அது சரியான அறிவுரைதான். தங்கள் காரில் இருப்பது இக்காலக் கார்களில் உள்ள ஆல்டர்னேட்டர் அன்று, லூகாஸ் சி40 டைனமோ. அது நல்ல வேகத்தில் ஓடும்போது உச்ச அளவாகத் தருவது 22 ஆம்பியர். ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றும் தராது, சிவப்பு விளக்கு மினுக்குவது அதனால்தான். இரவில் ஹெட்லைட்டும் இக்னிஷனும் சேர்ந்தே 12 ஆம்பியருக்கு மேல் தின்றுவிடும். சாரலில் வைப்பரும் ஓடினால் மிச்சம் இன்னும் குறையும். பெரிய பேட்டரியால் டைனமோவுக்கு நேரடிக் கெடுதல் இல்லை என்றாலும், காலியான 65 ஆம்பியர்-மணியை அந்த மிச்சத்தைக் கொண்டு நிரப்ப வெகு நேரம் ஓட வேண்டும், அவ்வளவு நேரம் தாங்கள் ஓட்டப்போவதில்லை. அரைகுறைச் சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் பிளேட்டுகளில் ஈய சல்ஃபேட் படிகமாகக் கெட்டியாகிவிடுகிறது, பிறகு எந்தச் சார்ஜரும் அதை முழுமையாகக் கரைப்பதில்லை. எனவே அதிக விலை கொடுத்து வாங்கிய பெரிய பேட்டரி சிறியதைவிட முன்னதாகவே போய்விடக்கூடும். டிக்கி என்பதையும் நான் ஏற்கவில்லை. எம்.ஜி.பி.யின் பெட்ரோல் டாங்க் டிக்கியின் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு மூடிய டிக்கிக்குள் தங்கும். நீளமான புதுக் கேபிள் ஒன்றும் தகட்டு விளிம்புகளை உரசிக்கொண்டு போக வேண்டியிருக்கும். காரை வடிவமைத்தவர்கள் பேட்டரியை இருக்கைக்குப் பின்னால், அடிப்புறம் திறந்த தொட்டில்களில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எடை நடுவில் நிற்கும், வாயு உள்ளே தங்காமல் வெளிக் காற்றில் கலந்துவிடும்.

ஆகவே என் யோசனை, அந்த இரண்டு தொட்டில்களில் ஒன்றில் மட்டும் ஒரு 12 வோல்ட் பேட்டரி. இரண்டு 6 வோல்ட்டைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடுமே தவிர ஆம்பியர்-மணி கூடாது. ஒன்றில் ஒரு செல் சோர்ந்தாலும் இரண்டுமே சோர்ந்ததற்குச் சமம், பச்சை பூக்கும் இணைப்பு முனைகளும் இரட்டிப்பு. அசல் தோற்றத்தோடு காரைக் காட்சிக்கு வைப்பவர்கள் இரட்டையைத் தேடி வாங்கட்டும். அப்போதும் ஒரே கம்பெனியில், ஒரே மாதத்தில் தயாரான ஜோடியாகவே வாங்க வேண்டும். ஓட்டுவதற்கு வைத்திருக்கும் தங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

அளவில், கடைகளில் டின் 44 என்று கேட்டால் கிடைக்கும் 44 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஏறத்தாழ 207 மில்லிமீட்டர் நீளமும், 175 அகலமும், 175 உயரமும் கொண்டது. தங்களுடைய 1798 சி.சி. எஞ்ஜினைச் சுழற்ற அது போதும். இங்கே எளிதில் கிடைக்கும் 38பி20 வகைப் பேட்டரி அகலத்தில் சிறியதாகத் தோன்றினாலும் டெர்மினல் வரை உயரம் 227 மில்லிமீட்டர் ஆகும், உங்களுக்கு ஆபத்தானது அந்த உயரமே. எம்.ஜி.பி.யின் பேட்டரி மூடி இரும்புத் தகடு. டெர்மினல் அதைத் தொட்டால் முழு மின்சாரமும் அங்கேயே பாயும். கடைக்குப் போகும் முன் தொட்டிலின் நீளம், அகலம், தொட்டிலின் அடியிலிருந்து மூடி வரை உள்ள ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பேட்டரியை வைத்த பிறகு, இணைப்புக் கொடுக்கும் முன், டெர்மினல்களின் மேல் கோதுமை மாவு உருண்டைகளை வைத்து மூடியை மூடித் திறந்து பாருங்கள். உருண்டை விரல் தடிமனுக்குக் கீழே நசுங்கியிருந்தால் அந்தப் பேட்டரி வேண்டாம். எப்படியிருந்தாலும் மூடியின் அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றை ஒட்டிவிடுவது நல்லது. தொட்டிலே துருப்பிடித்து அரித்திருந்தால் பேட்டரி வாங்குவதற்கு முன் வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

பழைய கேபிள்களின் நுனியில் தொப்பி போல ஈயக் கவிப்பு இருந்து, நடுவில் ஒரு திருகாணி இறங்குமானால், அதைப் புதுப் பேட்டரியில் மாட்டுவதற்காக டெர்மினலில் துளை போட அனுமதிக்காதீர்கள். இக்கால கிளாம்பு ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். பேட்டரியில் பாசிட்டிவ் முனை நெகட்டிவைவிடச் சற்றுத் தடிமனாக இருக்கும், எனவே இரண்டு கிளாம்புகளும் ஒரே அளவில் இராது. சுத்தியால் தட்டி இறக்குவது முனையை உள்ளே விரிசல் விடச் செய்யும். ஒரு பேட்டரி மட்டும் வைக்கும்போது கேபிள் ஒன்றை நீட்ட வேண்டியிருக்கும். அது பழைய கேபிளின் தடிமனுக்குக் குறையாத செம்பாக இருக்கட்டும்.

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடும் சி.சி.ஏ. எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அது பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 பாகைக் குளிரில் பேட்டரி எவ்வளவு ஆம்பியர் தரும் என்ற அளவு. நம் ஊர்ப் பேட்டரியைக் கொல்வது குளிர் அன்று, அக்கினி நட்சத்திர வெயில். வெப்பம் பத்துப் பாகை கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. தகரக் கூரையின் கீழ் ஆறு மாதம் அடுக்கி வைத்திருந்த பேட்டரி 'புதிது' என்ற பெயரில் தங்களிடம் வரக்கூடும் என்பதால், கம்பெனியைவிடத் தயாரிப்பு மாதத்தையே முதலில் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்டிருந்தால் வேறொன்று கேளுங்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது.

தண்ணீர் ஊற்றும் மூடியுள்ளதா, மெயின்டனன்ஸ் ஃப்ரீயா என்பது தங்கள் ரெகுலேட்டரைப் பொறுத்தது. எஞ்ஜினை 2,500 சுற்று அளவில் ஓடவிட்டு, விளக்கெல்லாம் அணைத்து, பேட்டரி முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். 13.8இலிருந்து 14.5க்குள் இருந்தால் மெயின்டனன்ஸ் ஃப்ரீ வாங்கலாம். விரிப்பின் அடியில் கிடக்கும் பேட்டரிக்கு யாரும் ஒழுங்காக டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதில்லை என்பதால் அதுவே நல்லது. அதற்கு மேல் போனால் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் வாங்காதீர்கள், ஆவியாகும் நீரை அதில் திரும்ப ஊற்ற வழியில்லை. அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் ஏ.ஜி.எம். பேட்டரிக்கும் இதே நிபந்தனைதான். லித்தியம் பேட்டரி எடை குறைவு என்று யாராவது சொன்னாலும், அறுபது ஆண்டுப் பழைய டைனமோவோடும் இயந்திர ரெகுலேட்டரோடும் அதை இணைக்க நான் சொல்லமாட்டேன்.

கடைசியாக, உண்மையில் பேட்டரிதான் குற்றவாளியா என்பதையும் பார்த்துவிடுங்கள். நல்ல பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி இணைத்து, செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்ஜின் பிளாக்குக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்ஜினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையோ எர்த் கேபிளின் இணைப்போ அரித்துப்போயிருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டி இறுக்காமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் செல்ஃப் திணறும்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருக்கிறது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் போர்ட்டிகோவிலேயே ஓடவிடுகிறோம். அப்படியும் இரண்டு ஆண்டுக்கு ஒரு பேட்டரி போகிறது. ஏன்?
— தென்காசி வாசகர்

பதில்: அந்தப் பத்து நிமிடம்தான் காரணம். செல்ஃப் எடுத்ததில் இழந்ததை ஐடிலிங்கில் ஓடும் டைனமோ திருப்பித் தருவதில்லை, ஆகவே ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாகப் பேட்டரியைக் காலி செய்துவருகிறீர்கள். ஸ்டார்ட் செய்தால் ஆலங்குளம் வரையாவது போய் வாருங்கள். முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். எர்த் கேபிளில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் பொருத்தி, மாதம் ஒரு முறை தானாக நின்றுகொள்ளும் சிறு சார்ஜரில் ஓர் இரவு போடுங்கள். சார்ஜரின் சிவப்புக் கவ்வி எப்போதும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கே போகும், கார் எந்த எர்த்தாக இருந்தாலும். ஹெரால்டின் பேட்டரி எஞ்ஜின் அறைக்குள்ளேயே இருப்பதால் நீண்ட ஓட்டத்துக்குப் பின் வண்டியை நிழலில் நிறுத்திப் பானெட்டைச் சிறிது நேரம் திறந்து வைப்பதும் உதவும். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டாலே அதன் ஆயுள் கூடும்.

கேள்வி: என் பழைய காருக்கு வாங்கிய பேட்டரி எட்டே மாதத்தில் போய்விட்டது. 'இந்த மாடல் எங்கள் பட்டியலில் இல்லை, வாரண்டி கிடையாது' என்கிறது கடை. வாங்கும்போது அப்படிச் சொல்லவில்லை.
— மேலப்பாளையம் வாசகர்

பதில்: வாரண்டி அட்டையை எடுத்து வாசியுங்கள். பெரும்பாலான அட்டைகளில் காலம் இரண்டு பகுதியாக இருக்கும்; முதல் பகுதியில் இலவச மாற்று, அடுத்ததில் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி. எட்டு மாதம் சாதாரணமாக முதல் பகுதிக்குள் அடங்கும். அட்டையில் தங்கள் வண்டி எண்ணை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்திருந்தால், வண்டியைத் தெரிந்தே விற்றார்கள் என்பதற்கு அதுவே சான்று. மறுப்பதானால் சோதனை முடிவையும் காரணத்தையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தாங்கள் வசிக்கும் இடத்திலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் இவை அனைத்தும் கடினமாகிவிடும். பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துக் கழித்துக்கொண்ட தொகையும் அந்தப் பில்லிலேயே தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.