ஆர்டிஓஎஸ் கர்னலின் நேரம் தினமும் சில நொடிகள் பின்தங்குகிறது. காரணத்தை எப்படிப் பிடிப்பது?

கேள்வியின் விவரத்தைச் சுருக்கிவிடுகிறேன். கார்ட்டெக்ஸ்-எம் மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்), ஒரு மில்லிநொடி டிக், அதாவது கர்னல் நேரத்தை எண்ணும் டைமர் துடிப்பு. காலையில் நேரத்தைச் சரியாக வைத்துவிட்டால் மறுநாள் காலை நான்கைந்து நொடி பின்தங்கி நிற்கிறது, சில நாள் அதற்கும் மேல். கடிகார அதிர்வைத் தரும் கிரிஸ்டலை மாற்றியும் பலனில்லை. நிரலில் ஒரு திருத்த எண்ணைப் போட்டுப் பெருக்கிச் சமாளிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய "சில நாள் அதற்கும் மேல்" என்பதுதான் இதில் முக்கியமான தகவல். கிரிஸ்டல் மட்டுமே காரணம் என்றால் விலகல் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இன்று 4 நொடி, நாளை 9 நொடி என்று மாறினால் எங்கோ டிக் தொலைகிறது, இல்லையென்றால் வெப்பநிலை வேலையைக் காட்டுகிறது. இவற்றையெல்லாம் சராசரியாக்கி ஒரே எண்ணால் பெருக்கினால் ஒரு வாரம் சரியாக ஓடும், அப்புறம் மறுபடியும் உதைக்கும்.

முதலில் விலகலை நொடியில் பேசுவதை விட்டுவிட்டு பிபிஎம் கணக்குக்கு வாருங்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பிபிஎம், ஒரு நாளில் 86.4 மில்லிநொடி. சாதாரணமாகக் கிடைக்கும் 20 பிபிஎம் கிரிஸ்டல் நாளுக்கு 1.7 நொடி வரை தவறலாம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுடைய நாலரை நொடி 52 பிபிஎம். நல்ல கிரிஸ்டல் ஒன்று ஒழுங்கான சர்க்யூட்டில் தானாக இவ்வளவு போகாது. சிப்புக்குள் இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டராக இருந்தால் பிழை ஒரு சதவீதம் வரை போகலாம், அது நாளுக்கு 14 நிமிடம். ஆக எண்ணைப் பார்த்தவுடனே தேட வேண்டிய இடம் பாதி குறைந்துவிடும்.

அளப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டிக் எண்ணிக்கையை நிமிடத்துக்கு ஒருமுறை சீரியலில் அனுப்புங்கள். என்டிபி என்ற நெட்வொர்க் நேரச் சேவையோடு ஒத்திசைந்த கணினி ஒன்று, ஒவ்வொரு வரியும் வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். யுஎஸ்பி சீரியலில் 20 மில்லிநொடி தாமதம் வரலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேர அளவீட்டில் அது 5.6 பிபிஎம் பிழை, 24 மணி நேர அளவீட்டில் வெறும் 0.23. ராத்திரி முழுவதும் ஓடவிட்டால் போதும். அவசரம் என்றால் ஜிபிஎஸ் மாட்யூலின் நொடித் துடிப்பை ஒரு டைமரின் கேப்சர் பின்னில் கொடுங்கள், சில நிமிடங்களில் விடை கிடைக்கும். மலிவான லாஜிக் அனலைசரை மட்டும் இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். அதற்குள்ளும் ஒரு சாதாரண கிரிஸ்டல்தான் உட்கார்ந்திருக்கிறது, எது தவறுகிறது என்று தெரியாமல் போகும். பிரேக்பாயின்ட் போட்டுக்கொண்டே அளப்பதும் வீண். கோர் நின்றால் டிக்கைத் தரும் சிஸ்டிக் டைமரும் நின்றுவிடும்.

வந்த தரவை கிராஃப் ஆக்குங்கள். கிடையில் நேரம், நிலையில் கணினி நேரத்துக்கும் போர்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். வரும் வடிவம் நேர்க்கோடா, அலையா, படிக்கட்டா என்பதுதான் பாதி விடை.

நேர்க்கோடு என்றால் அதிர்வெண்ணோ அமைப்போ தவறு. முதலில் ரீலோட் எண்ணை, அதாவது ஒவ்வொரு டிக்குக்கும் டைமர் எண்ணத் தொடங்கும் மதிப்பைப் பாருங்கள். 72 மெகாஹெர்ட்ஸில் ஒரு மில்லிநொடிக்கு 72000 சுற்று, ஆனால் பதிவேட்டில் எழுத வேண்டியது 71999. கவுன்ட்டர் பூஜ்யத்தையும் ஒரு சுற்றாக எண்ணுகிறது அல்லவா. அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் 13.9 பிபிஎம், நாளுக்கு 1.2 நொடி பின்தங்கும். இதில் வேடிக்கை, இது கிரிஸ்டலின் அனுமதிப் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், யாருக்கும் சந்தேகமே வராது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் போர்ட் கோப்பில் அந்த ஒன்று ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருக்கிறது. நீங்களே எழுதிய டைமர் நிரலாக இருந்தால் சரிபாருங்கள்.

அடுத்தது வகுத்தலில் வரும் மீதி. 32768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் இருந்து நொடிக்கு 1000 டிக் கேட்டால் 32.768 என்று வரும். முழு எண்ணில் 32 ஆக வெட்டினால் உண்மையில் கிடைப்பது நொடிக்கு 1024 டிக். அதை 1000 என்று நம்பினால் கடிகாரம் நாளுக்கு 34 நிமிடம் முந்தும். 1024 அல்லது 128 என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை. பழைய பிசி டைமரின் அதிர்வெண் 1.193182 மெகாஹெர்ட்ஸ், அதிலும் துல்லியமான ஒரு மில்லிநொடி வராது. அந்த வன்பொருளில் கியூஎன்எக்ஸ் என்ற ஆர்டிஓஎஸ்ஸின் கர்னல் ஒரு டிக்கை 0.999847 மில்லிநொடி என்றே கணக்கில் வைத்தது, அதனால் அதன் கடிகாரம் இந்தக் காரணத்தால் விலகவில்லை. ஒவ்வொரு டிக்கையும் முழு மில்லிநொடி என்று எண்ணிய அப்ளிகேஷன் நாளுக்கு 13 நொடி முந்தியிருக்கும்.

உங்கள் கிரிஸ்டல் விஷயத்துக்கு வருகிறேன். அதை மாற்றினீர்கள், சரி, பக்கத்தில் இருக்கும் இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றினீர்களா? கிரிஸ்டலுக்கு 6 அல்லது 12.5 பிக்கோஃபேரட் என்று ஒரு லோட் மதிப்பு உண்டு. மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் அதைவிடக் கூடினால் மெதுவாக ஓடும், குறைந்தால் வேகமாக ஓடும். இரண்டும் ஒரே அளவு என்றால் ஒன்றின் பாதியோடு பிசிபி தடங்களின் சில பிக்கோஃபேரட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுடையது பின்தங்குகிறது என்பதால் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. இன்னொன்று, ஆஸிலோஸ்கோப் புரோபைக் கிரிஸ்டல் பின்னில் வைத்து அளக்காதீர்கள். புரோபே பத்து பிக்கோஃபேரட் அளவுக்கு ஏற்றிவிடும், நீங்கள் பார்ப்பது கிரிஸ்டல் மேல் புரோபின் பாரத்தைத்தான். சிப்பில் கிளாக் வெளியீட்டுப் பின் இருந்தால் அங்கே அளங்கள். கிரிஸ்டல் துவங்கத் தவறி, ஃபர்ம்வேர் சத்தமில்லாமல் உள் ஆர்சிக்கு மாறி ஓடுவதும் நடக்கிற கதைதான். அதற்கான நிலை பிட்டை ஒருமுறை படித்து அச்சிட்டுவிடுங்கள்.

கிராஃபில் பகல் இரவாக அலை வந்தால் வெப்பநிலை. 32768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் சுமார் 25 டிகிரியில்தான் அதிகபட்ச வேகத்தில் ஓடும். சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும், ஒரு டிகிரி விலகலின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய 0.034 பிபிஎம். பெட்டிக்குள் 60 டிகிரி என்றால் 42 பிபிஎம், நாளுக்கு 3.6 நொடி. வெப்பநிலையை அளந்து கணக்கில் திருத்தலாம், இல்லையென்றால் வெப்பநிலை மாற்றத்தைத் தானே ஈடுகட்டும் டிசிஎக்ஸ்ஓ ஆஸிலேட்டர் வாங்கலாம்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் படிக்கட்டு வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கொஞ்ச நேரம் தட்டையாகப் போய், திடீரென்று ஒரு தாவல், மறுபடி தட்டை. இது டிக் தொலைவதன் அடையாளம். சிஸ்டிக் இன்டரப்ட் காத்திருப்பதைக் குறிக்க இருப்பது ஒரே ஒரு பிட். இன்டரப்டை நிறுத்திவைத்த நேரத்தில் ஒரு டிக் வந்தால் அது காத்திருக்கும், திறந்ததும் ஓடும், நஷ்டமில்லை. இரண்டாவதும் வந்துவிட்டால் ஏற்கெனவே ஏறியிருக்கும் பிட்டின் மேல் அது போய் விழும், தடயமே இருக்காது. எனவே ஒரு மில்லிநொடியை நெருங்கும் எந்தக் கிரிட்டிக்கல் செக்ஷனும் (இன்டரப்டை நிறுத்திவைத்து ஓடும் நிரல் பகுதி), அவ்வளவு நேரம் ஓடும் எந்த உயர் முன்னுரிமை இன்டரப்டும் சந்தேகத்துக்கு உரியவை. ஷெட்யூலரை மட்டும் நிறுத்திவைப்பது இந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடைவெளியில் வரும் டிக்குகளை ஃப்ரீஆர்டிஓஎஸ் தனியே எண்ணி வைத்து, திறக்கும்போது சேர்த்துக்கொள்ளும்.

பலரும் யோசிக்காத இடம் ஃபிளாஷ் அழிப்பு. பதிவுகளைச் சேமிக்கும் ஒரு போர்டு என்னிடம் வந்தது. கிராஃபில் ஒவ்வொரு படியும் ஒரு நொடிக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட ஒரே உயரம். அதே போர்டில் இருந்த ஆர்டிசி (தனியாக ஓடும் நாள்காட்டிக் கடிகாரம்) ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பதிவுக் கோப்பின் நேரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு படியும் புதிய செக்டருக்கு மாறும் கணத்தில் விழுந்திருந்தது. பல மைக்ரோகன்ட்ரோலர்களில் நிரல் ஓடும் அதே ஃபிளாஷ் பேங்கில் பெரிய செக்டர் ஒன்றை அழித்தால், முடியும் வரை அங்கிருந்து ஒரு கட்டளைகூடப் படிக்க முடியாது. ப்ராசஸர் அப்படியே நிற்கும், ஆயிரத்துச் சொச்சம் டிக் வரும், ஒன்றுதான் கணக்கில் ஏறும். அதிகம் பதிவாகும் நாளில் அதிகம் பின்தங்கும். கேட்ட மாதிரி இருக்கிறதா?

இதைப் பிடிக்க ஒரு சின்ன ஏற்பாடு போதும். டைமர் ஒன்றை 1 மெகாஹெர்ட்ஸில் நிற்காமல் ஓடவிடுங்கள், 32 பிட் அகலம் இருக்கட்டும். ஒவ்வொரு டிக்கிலும் கர்னல் அழைக்கும் டிக் ஹுக்குக்குள் அதைப் படித்து, முந்தைய மதிப்பைக் கழியுங்கள். சாதாரணமாக 1000-ஐ ஒட்டியே வரும். 1400, 1700 என்று வந்து அடுத்தது குறைவாக வந்தால் டிக் தாமதமாகியிருக்கிறது, தொலையவில்லை. 2000-ஐத் தாண்டினால் தொலைந்தது உறுதி. அப்போது அந்த இடைவெளியையும் ஓடிக்கொண்டிருந்த டாஸ்க்கின் பெயரையும் ராமில் ஒரு சுழல் பஃபரில் போட்டு வையுங்கள். ஹுக்குக்குள்ளிருந்து அச்சிடாதீர்கள், அதுவே புதிதாக டிக்குகளைத் தின்ன ஆரம்பிக்கும். ப்ராசஸரின் சுழற்சிக் கவுன்ட்டரைவிட டைமரை நான் விரும்புவதற்குக் காரணம், தூக்க நிலையில் சுழற்சிக் கவுன்ட்டர் நின்றுவிடலாம்.

தூக்கம் என்றதும் டிக்லெஸ் ஐடில், அதாவது வேலையில்லாத நேரத்தில் டிக்கை நிறுத்திவிட்டுத் தூங்கும் வசதி. பேட்டரி போர்டு என்றால் இதைத்தான் நான் முதலில் அணைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு முறை தூங்கப் போகும்போதும் சிஸ்டிக்கை நிறுத்தி, புது எண்ணை ஏற்றி, மறுபடி ஓட்டுகிறார்கள். நின்றிருந்த சில சுற்றுகளை ஒரு மாறிலியால் ஈடுகட்டுகிறார்கள். அது மதிப்பீடுதான். இதனால் கர்னல் நேரம் கொஞ்சம் நகரத்தான் செய்யும் என்று ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மூல நிரல் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. ஒரு தடவைக்கு அற்பம், ஆனால் நொடிக்குப் பலமுறை தூங்கி எழும் போர்டில் சேர்ந்துகொண்டே போகும், தூக்கத்தின் எண்ணிக்கையைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறவும் செய்யும். ஒரு ராத்திரி அதை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கோடு நேரானால் காரணம் கிடைத்துவிட்டது. தூக்கத்திலும் நிற்காத லோ-பவர் டைமர் ஒன்றை, இடையில் மீட்டமைக்காமல், டிக்குக்கு மூலமாக வையுங்கள்.

கர்னலில் தேடும் முன் நீங்கள் அச்சிடும் எண் உண்மையில் கர்னலுடையதுதானா என்றும் பாருங்கள். ஒரு டாஸ்க் 3 மில்லிநொடி வேலை செய்து 100 மில்லிநொடி டிலே போட்டால், ஒரு சுற்று 103 மில்லிநொடி ஆகும். அந்தச் சுற்றுகளை எண்ணி நொடியாக்கினால் கர்னல் மேல் பழி விழும். அங்கே முந்தைய எழுச்சியிலிருந்து நேரத்தைக் கணக்கிடும் டிலே-அன்டில் போட வேண்டும். 32 பிட் ஃபுளோட்டில் மில்லிநொடி எண்ணினால் 16777216-க்கு மேல் ஒன்றைக் கூட்டினாலும் மதிப்பு ஏறாது, அதாவது 4 மணி 39 நிமிடத்தில் நேரம் உறைந்துவிடும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு தவறியதும் இந்தக் குடும்பத்துப் பிழையால்தான். பத்தில் ஒரு நொடியை 24 பிட்டில் வெட்டியதால் 100 மணி நேர ஓட்டத்தில் 0.34 நொடி விலகல் சேர்ந்திருந்தது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள்.

ரியல்டைம் லினக்ஸில் இதே கேள்வி வந்தால் வழி வேறு. அங்கே நேரம் டிக்கில் இருந்து வருவதில்லை, கிளாக்சோர்ஸ் எனப்படும் வன்பொருள் கவுன்ட்டரில் இருந்து வருகிறது. கர்னல் பதிவில் ப்ராசஸரின் டிஎஸ்சி கவுன்ட்டர் நம்பகமில்லை என்று குறித்து வேறு மூலத்துக்கு மாறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் என்டிபி திருத்தாத மோனோடானிக்-ரா கடிகாரத்தையும் சாதாரண மோனோடானிக் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். முதலாவது சீராக இருந்து இரண்டாவது மட்டும் ஆடினால், ஆட்டுவது என்டிபி.

காரணத்தை நீக்கிய பிறகு 10, 15 பிபிஎம் மிச்சம் இருக்கும். அதற்குத்தான் நீங்கள் கேட்ட பெருக்கெண். போர்டு வாரியாக அளந்து சேமியுங்கள். டிக் எண்ணிக்கையை மட்டும் தொடாதீர்கள். டிலேக்களும் டைம்அவுட்டுகளும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அதோடு, 1000 ஹெர்ட்ஸில் 32 பிட் டிக் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நாள்காட்டி நேரத்தை, நிற்காமல் ஓடும் அந்த டைமரை 64 பிட்டாக நீட்டி, அதன் மேல் ஒரு ஆஃப்செட், ஒரு விகிதம் என்று தனியாகக் கட்டுங்கள். 32 பிட் ப்ராசஸரில் 64 பிட்டை இரண்டு துண்டாகத்தான் படிக்க முடியும். மேல் பாதி, கீழ்ப் பாதி, மறுபடி மேல் பாதி என்று படித்து, மேல் பாதி மாறியிருந்தால் திரும்பப் படியுங்கள். நேரம் முந்தியிருந்தால் பின்னால் தள்ளாதீர்கள், விகிதத்தைக் குறைத்து மெல்லப் பிடிக்க விடுங்கள். ஒரே நேர முத்திரையோடு இரண்டு பதிவுகள் வந்தால் பிற்பாடு எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது.

உங்கள் போர்டுக்கு நான் செய்யும் வரிசை: இன்று ராத்திரி டிக்லெஸை அணைத்து ஓட்டம், நாளை ஃபிளாஷ் எழுதுவதை நிறுத்தி ஓட்டம், இரண்டிலும் ஹுக் பஃபர் இயங்கட்டும். இரண்டிலும் கோடு நேராகவே வந்து 50 பிபிஎம்மில் நின்றால் அந்தக் கெப்பாசிட்டர்களைக் கழற்றுங்கள்.