நீலாம்பரி எடுபடாத இடம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். பாலக்காடு செம்பை நினைவு இசைக் கல்லூரியில் பாட்டு படித்தேன். பக்கவாதத்தில் பேச்சு போன அப்பத்தா, நான் தாலாட்டு எடுத்தால் வார்த்தை பிசகாமல் கூடவே பாடுகிறார். அதிலிருந்து இசை சிகிச்சையாளர் ஆகும் ஆசை. எங்கே படிக்கலாம்? எந்த நோய்க்கு எந்த ராகம் என்ற பட்டியல் கிடைக்குமா?
– ஒரு வாசகி

பதில்: முதலில் அந்தப் பட்டியல். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்திருக்குமே, சர்க்கரைக்கு இந்த ராகம், பிரஷருக்கு அந்த ராகம் என்று! அதை நம்பி யாருக்கும் பாடாதீர்கள் கண்ணு. ராகத்தை மாத்திரை மாதிரி சீட்டில் எழுதித் தர ஆதாரம் கிடையாது.

நானும் பட்டியல் வைத்திருந்தவள்தான். வேலந்தாவளத்தில் ஒரு பெரியவர், பழைய லாரி டிரைவர், படுக்கையில் கைகால் ஓயாமல் தவித்துக்கொண்டிருந்தார். தூக்கத்துக்கு நீலாம்பரி ராகம் என்று கண்ணை மூடிப் பாடினேன். திறந்து பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். மருமகள்தான் மெதுவாகச் சொன்னார்: "மாமாவுக்கு மேளம்னா உசுருங்க. நெம்மாறா வேலா திருவிழாவுக்குப் போகாத வருஷமே இல்லை."

மறுநாள் பாடவே இல்லை. அவர் விரல் கட்டில் சட்டத்தில் தட்டிய அதே வேகத்தில் நானும் தட்டினேன். கேரளக் கோயில்களில் கொட்டும் பஞ்சாரி மேளம், சுற்றுக்கு 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) நிதானமாகத் தொடங்கி, பாதி பாதியாகக் குறுகி 6-ல் முடியும். கட்டம் ஏற ஏற வேகம். அதை நான் தலைகீழாக, உச்சத்திலிருந்து இறக்கினேன். அரை மணியில் அவர் விரலும் மூச்சும் கூடவே இறங்கின. புத்தகத்தில் இதற்கு 'ஐசோ' கொள்கை என்று பெயர். நோயாளி நிற்கும் இடத்துக்கு நாம் போய், அங்கிருந்து கூட்டிவருவது.

அப்பத்தா விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கம். பாடும்போது வலப்பக்கமும் சேர்ந்துகொள்ளும். 1970-களில் பாஸ்டனில் இதை வைத்தே ஒரு முறை கண்டார்கள். 'தண்ணி வேணும்' போன்ற சொற்களை இரண்டே சுரத்தில் பாடவைத்து, அசைக்கு ஒருமுறை இடது கையைத் தட்டுவார்கள். பிறகு சுரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் பேச்சாக்குவார்கள். எல்லோருக்கும் பலிக்காது. ஆனால் தாலாட்டோடு நிறுத்திக்கொண்டால் அப்பத்தா தாலாட்டுதான் பாடுவார், தண்ணி கேட்கமாட்டார். ஸ்பீச் தெரபிஸ்டிடம் உடனே சொல்லுங்கள்.

படிப்புக்கு, புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீத்தில் இசை சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. சேர்க்கை விவரம் நேரில் கேளுங்கள். அமெரிக்காவில் 1,200 மணி நேரக் களப்பயிற்சி இல்லாமல் இந்தத் தொழிலுக்குள் விடமாட்டார்கள். இரண்டு நாள் ஆன்லைன் சான்றிதழை எந்தக் கணக்கில் வைப்பது, நீங்களே சொல்லுங்கள். வருமானம் மெதுவாகத்தான் வரும், பாட்டு டியூஷனை விட்டுவிடாதீர்கள்.

அதுவரை? கேரளத்தில் 2008-லேயே பாலியேட்டிவ் கொள்கை, அதாவது தீராத நோயில் கிடப்பவர்களின் வலியையும் தவிப்பையும் தணிக்கும் பராமரிப்புக்கான கொள்கை, வந்துவிட்டது. உங்கள் பஞ்சாயத்து நர்ஸ் வீடுவீடாகப் போகிறவர். அனுமதி கேட்டு அவரோடு போய்வாருங்கள். முதல் மாதம் பாட வேண்டாம். எந்தப் பாட்டுக்கு ரேடியோவைக் கூட்டச் சொல்கிறார்கள், எதற்கு அணைக்கச் சொல்கிறார்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள். உங்கள் பக்கம் ஒரே வீட்டில் மாமியாருக்குத் தமிழ்ப் பாட்டு, மருமகளுக்கு மலையாளம். நோட்டு கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள்.