கரீபியன் கப்பல் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். நாங்கள் கனடாவின் டொரொண்டோ நகரில் ஸ்காபரோவில் வசிக்கிறோம். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளர். கணவருக்குப் பண்டகசாலையில் வேலை. பிள்ளைகளுக்கு 12, 9 வயது. 71 வயதான என் அம்மா 2017 முதல் எங்களுடன் இருக்கிறார், நிரந்தர வதிவிட உரிமையோடு வந்தவர். பருத்தித்துறையில் கடற்காற்றில் வாழ்ந்தவர் இங்கே நவம்பர் பிறந்தால் ஏப்ரல் வரை ஜன்னலோரத்தில் முடங்கிவிடுகிறார். முழங்கால் வலி, சர்க்கரை இரண்டும் உண்டு. ஆகஸ்ட் நடுவில் மாத்திரையைக்கூட மாற்றினார்கள். "ஒரு தடவையாவது வெயிலில் கடலுக்குள் கால் வைக்க வேண்டும்" என்கிறார்.

மார்ச் பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து 7 இரவு கரீபியன் தீவுகளுக்கு ஆளுக்கு 899 டாலர் என்ற விளம்பரத்தை இணைத்திருக்கிறேன். ஐந்து பேருக்கு 4,500 டாலர் வருகிறது. சேமிப்பு 9,000 இருக்கிறது. குறைவதை லைன் ஆஃப் கிரெடிட்டில் (வேண்டும்போது எடுக்கும் வங்கிக் கடன்) 8.2 விழுக்காடு வட்டிக்கு எடுக்கலாம் என்கிறார் கணவர். 2021-இல் 1.89 விழுக்காட்டுக்கு எடுத்த வீட்டுக் கடனை 2026 செப்டம்பரில் புதிய வட்டியில் புதுப்பிக்க வேண்டும். அப்போது 468,000 டாலர் பாக்கி இருக்கும். இப்போதைய மாதத் தவணை 2,342. பிள்ளைகளின் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் இந்த ஆண்டு இன்னும் எதுவும் போடவில்லை. இந்தக் குளிர்காலத்தில் போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, போய் வாருங்கள். ஆனால் மார்ச்சில் வேண்டாம், ஐந்து பேராக வேண்டாம், கடன் வாங்கியும் வேண்டாம். நீங்களும் அம்மாவும் மட்டும் ஜனவரி நடுவில் ஐந்து இரவுப் பயணமாகப் போங்கள்.

முதலில் அந்த 899. உங்கள் விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன: விலை அமெரிக்க டாலரில், ஓர் அறையில் இருவர் தங்கினால்தான் அந்த விலை, வரியும் துறைமுகக் கட்டணமும் தனி. சாதாரண அறைகளில் ஐந்து பேருக்கு இடம் இருக்காது, இரண்டு அறைகள் எடுக்க வேண்டிவரும். கட்டணம் 4,495, வரியும் துறைமுகக் கட்டணமும் ஆளுக்கு 150 என்று 750, கப்பல் பணியாளர்களுக்கான டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 வீதம் 630. கப்பலுக்கு மட்டும் 5,875 அமெரிக்க டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 1.40 என்று மாற்றினால் 8,225 கனடிய டாலர். பெரும்பாலான கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டு நாணயத்துக்கு 2.5 விழுக்காடு தனியாக எடுக்கும்.

இன்னும் நீங்கள் வீட்டை விட்டே புறப்படவில்லை. மார்ச் விடுமுறையில் ஐந்து பேருக்கு விமான டிக்கெட்டுக்கு 3,000 வைக்கிறேன். முந்தைய இரவு ஹோட்டல் 500, பெட்டிக் கட்டணமும் வாடகைக் காரும் 400, காப்பீடு 400, இரண்டு தீவுகளில் சுற்றுலா 1,120, இணையமும் சில்லறைச் செலவும் 300. கூட்டினால் 14,000 டாலரைத் தொடுகிறது. இவை என் மதிப்பீடுகள்தான், அங்கே இங்கே சில நூறு குறையலாம். ஆனால் 4,500 என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பயணம் எங்கும் இல்லை.

அப்படிப் போனால் சேமிப்பு முழுவதும் கரைந்து, மேலே 5,000 கடன் நிற்கும். அதன் வட்டி ஆண்டுக்கு 400 டாலர் அளவுதான்; என் கவலை அதுவல்ல. செப்டம்பரில் உங்கள் வீட்டுக் கடன் 4.2 விழுக்காட்டில் புதுப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 20 ஆண்டுகளுக்குத் தவணை ஏறத்தாழ 2,877 ஆகும், அதாவது மாதம் 535 டாலர் கூடுதல். 2021-இல் மலிவு வட்டியில் வீடு வாங்கிய பல குடும்பங்கள் இந்தப் படியில்தான் இப்போது தடுக்கி நிற்கின்றன. கையில் ஒரு காசும் இல்லாமல், தோளில் புதுக் கடனோடு நீங்கள் அந்த மாதத்துக்குள் நுழைவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அப்படியானால் வீட்டுக் கடன் வேலை முடிந்த பிறகு போகலாமே என்று தோன்றும். வெறும் கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எழுதியிருப்பதெல்லாம் அம்மாவைப் பற்றி. 71 வயதில் முழங்கால் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கொஞ்சம் பின்வாங்குகிறது. இந்த ஜனவரியில் அவரால் படி இறங்க முடியும். குடும்ப உல்லாசப் பயணத்தையும் அம்மாவின் ஆசையையும் ஒரே டிக்கெட்டில் கட்டியதால்தான் தொகை கைமீறிப் போனது. இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

இருவருக்கு ஜனவரி நடுவில் ஐந்து இரவு, பால்கனி அறையோடு ஆளுக்கு 650 அமெரிக்க டாலர் என்று தேடுங்கள். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, பிப்ரவரி நடுவில் அமெரிக்கர்களின் நீண்ட வார இறுதி வருவதற்கு முன், விலை மார்ச்சைவிட இறங்கியிருக்கும். வரி, டிப்ஸ், விமானம், முந்தைய இரவு ஹோட்டல், காப்பீடு, கரையில் செலவு எல்லாம் சேர்த்து 4,000 கனடிய டாலர் பக்கம் முடியும். சேமிப்பில் 5,000 மிஞ்சும். திரும்பியதும் பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை மாதம் 535 டாலரைத் தனிக் கணக்கில் போடுங்கள். எட்டு மாதத்தில் 4,280 சேர்ந்து எடுத்த பணம் திரும்பிவிடும். புதிய தவணையை உங்கள் சம்பளம் தாங்குமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். ஏப்ரலிலேயே மூச்சு முட்டினால், வங்கியோடு தவணைக்காலத்தை நீட்டுவது பற்றிப் பேச உங்களுக்கு ஐந்து மாத அவகாசம் இருக்கும்.

பிள்ளைகள் முகம் வாடுவார்கள், தெரியும். அவர்கள் பெயரில் கல்விச் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு ஆளுக்கு 2,500 போட்டால் அரசு ஒவ்வொருவருக்கும் 500 தருகிறது. விட்டுப்போன ஆண்டின் மானியத்தை, ஓர் ஆண்டுக்கு ஓர் ஆண்டாகப் பின்னர் பிடிக்கலாம் என்பதால் அதற்கு இன்று பதற வேண்டாம். வீட்டுக் கடன் புதுப்பித்ததும் அதுதான் அடுத்த வேலை.

முன்பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காகிதங்களை எடுத்து மேசையில் வையுங்கள். ஒன்று அம்மாவின் கடவுச்சீட்டு. அது கனடியதா இலங்கையதா என்று நீங்கள் எழுதவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும், நேர்காணலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அப்படியானால் இன்றே விண்ணப்பித்து, பயணத்தை அடுத்த டிசம்பர் முதல் இரு வாரங்களுக்குத் தள்ளுங்கள். நவம்பர் 30-உடன் புயல் பருவம் முடிந்திருக்கும், கிறிஸ்துமஸ் விலையேற்றமும் தொடங்கியிருக்காது. மனம் கேட்காவிட்டாலும் அதுதான் வழி.

மற்றொன்று காப்பீட்டுப் பத்திரம். வெளிநாட்டு மருத்துவமனையில் அனுமதித்தால் ஓஹிப் (ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) தருவது நாளுக்கு அதிகபட்சம் 400 டாலர், வெளிநோயாளியாகக் காட்டினால் 50. கப்பலிலிருந்து விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர நேர்ந்தால் பல்லாயிரம் டாலர் ஆகும். எனவே காப்பீடு இல்லாமல் அம்மாவை ஏற்றவே கூடாது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பல பத்திரங்கள், புறப்படும் நாளுக்கு முந்தைய 90 அல்லது 180 நாட்களில் நோயிலோ மருந்திலோ மாற்றம் இருந்தால் அந்த நோய்க்குப் பணம் தருவதில்லை. மாத்திரையின் அளவைக் குறைத்தால்கூட மாற்றம்தான். ஆகஸ்ட் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்கு ஏறக்குறைய 150 நாட்கள். 90 நாள் பத்திரம் உங்களுக்குச் சரிவரும், 180 நாள் பத்திரம் சரிவராது. முகவரிடம் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கப்பல் புறப்படும் நாளின் காலை விமானத்தை நம்பாதீர்கள். டொரொண்டோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரு பனிப்பொழிவு போதும்; கப்பல் உங்களுக்காக நிற்காது. ஹோட்டல் செலவு அதற்காகத்தான்.

பாதையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் பஹாமாஸின் நசாவில் அம்மாவால் தண்ணீரில் நிற்க முடியாது. மெக்ஸிகோவின் கோஸுமெல் இன்னும் தெற்கே, வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே கப்பல் கரையோடு அணைந்து நிற்கும், நடந்தே இறங்கலாம். கிராண்ட் கேமன் அழகான தீவுதான், ஆனால் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு, ஆடும் சிறு படகில் மாறி ஏற வேண்டும். அந்த முழங்காலோடு அது வேண்டாம். மதுபானத் தொகுப்பு, புகைப்படத் தொகுப்பு, தனிக் கட்டண உணவகம் எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லுங்கள். பால்கனி அறைக்கு 200 டாலர் கூடினாலும் அதை மட்டும் வெட்டாதீர்கள். கரைக்கு இறங்க முடியாத நாளிலும் அம்மா அங்கே நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.