ஃபிளாப் மீட்டரைக் கழற்றும் முன்: ஏர்ஃப்ளோ கன்வெர்ட்டர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய எல்-ஜெட்ரானிக் (பாஷின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் முறை) காரில், எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஃபிளாப் மீட்டரை எடுத்துவிட்டு ஹாட் வயர் மாஃப் சென்சாரை நேரடியாக இணைத்தால் என்ன?

பதில்: எஞ்சின் ஓடினாலும் உருப்படியாக ஓடாது. 1970களில் பாஷ் கொண்டுவந்த அந்த முறையில் காற்று ஒரு தகட்டைத் தள்ளும். தகடு திரும்பும் கோணத்துக்கேற்ப வோல்டேஜ் மாறும். மாஃப் சென்சாரோ சூடான கம்பி எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் காற்றின் நிறையை அளக்கிறது. காற்றுக்கேற்ப வோல்டேஜ் மாறும் வளைவு இரண்டிலும் வேறு. பழைய மீட்டர்கள் சிலவற்றில் காற்று கூடினால் வோல்டேஜ் இறங்கும், மாஃபில் ஏறும். மாஃபின் வோல்டேஜை மாற்றி, ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதிர்பார்க்கும் பழைய வோல்டேஜைக் கொடுப்பதுதான் கன்வெர்ட்டரின் வேலை.

அதற்கு முன் மீட்டரின் கறுப்பு மூடியைத் திறந்து கார்பன் தடத்தைப் பாருங்கள். ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால், தொடுமுனையைச் சற்று நகர்த்தித் தேயாத பகுதியில் ஓடவிட்டாலே பல கார்கள் சரியாகிவிடும். கன்வெர்ட்டரே வேண்டாம்.

கேள்வி: எந்த மாஃப் வோல்டேஜுக்கு எந்த ஃபிளாப் வோல்டேஜ் என்ற டேபிள் எங்கே கிடைக்கும்?

பதில்: வேறொருவரின் டேபிளை நம்பாதீர்கள், உங்கள் காரிலேயே எடுங்கள். ஏர் ஃபில்டருக்கு அடுத்து மாஃப், அதற்கு அடுத்து நல்ல நிலையில் உள்ள ஃபிளாப் மீட்டர் என வரிசையாக மாட்டுங்கள். ஈசியூ வழக்கம்போல ஃபிளாப்பைப் பார்த்தே ஓடட்டும். ஐடிலிலிருந்து முழு லோடு வரை ஓட்டி இரண்டு வோல்டேஜையும் லாக் செய்யுங்கள் (தொடர்ச்சியாகப் பதிவு செய்யுங்கள்). ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்த நொடிகளை நீக்கிவிடுங்கள்; அப்போது தகடு அலைபாயும். நிதானமாக ஓடிய நேரத்து அளவுகளின் சராசரிதான் உங்கள் டேபிள். கடைசியில், புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரை வைத்துச் சரிபாருங்கள்.

லாக் எடுத்த அன்று மீட்டருக்குள் இருக்கும் காற்று வெப்ப சென்சாரின் ஓம் மதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். 20 டிகிரியில் அது சுமார் 2 முதல் 3 கிலோ ஓம் இருக்கும். ஃபிளாப்பை எடுத்தபின் அன்றைய மதிப்பிலேயே நிலையான ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். மாஃப் ஏற்கெனவே நிறையைத்தான் அளக்கிறது; பழைய சென்சாரையும் விட்டுவைத்தால் வெப்பத்துக்கு இரண்டு முறை திருத்தம் நடக்கும்.

கேள்வி: கன்வெர்ட்டர் செய்ய ஆர்டுயினோ என்ற சிறிய மைக்ரோகண்ட்ரோலர் போர்டின் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் ஆகும் துடிப்பு) அவுட்புட் போதுமா?

பதில்: அதை வடிகட்டினால் தாமதம், வடிகட்டாவிட்டால் துடிப்பு. எண்ணை நேரடி வோல்டேஜாக மாற்றும் 12 பிட் டேக் சிப் ஒன்றைப் போடுங்கள். 5 வோல்ட்டில் ஒரு படி சுமார் 1.2 மில்லிவோல்ட். அப்புறம், உங்கள் மீட்டருக்கு ஈசியூ 5 வோல்ட் தருகிறதா, பேட்டரி வோல்டேஜ் போகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். பேட்டரி என்றால் ஈசியூ பார்ப்பது மீட்டர் வோல்டேஜுக்கும் பேட்டரி வோல்டேஜுக்கும் உள்ள விகிதத்தை. கன்வெர்ட்டரும் பேட்டரியை அளந்து அதே விகிதத்தில் கொடுக்க வேண்டும்; டேக்குக்குப் பின் வோல்டேஜைப் பெருக்க ஆப்-ஆம்ப் சிப் தேவைப்படும். கிரவுண்டை பாடியில் முறுக்காமல் ஈசியூவின் சென்சார் கிரவுண்டுக்கே கொண்டுபோங்கள். சப்ளையில் ஃப்யூஸும், திடீர் வோல்டேஜ் எகிறலை அடக்கும் டிவிஎஸ் டையோடும் கட்டாயம்.

கேள்வி: ஃபிளாப்பை எடுத்ததும் பெட்ரோல் பம்ப் ஓடவில்லை. நேரடியாக வயர் கொடுத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. பல மாடல்களில் பம்ப் சுவிட்ச் அந்த மீட்டருக்குள்தான் இருக்கிறது. எஞ்சின் நின்றால் தகடு மூடி பம்பும் நிற்கும். நேரடி வயர் என்றால், விபத்தில் பைப் அறுந்தபின்னும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். இக்னிஷன் துடிப்பு நின்றால் பம்பை நிறுத்தும் ரிலே போடுங்கள்.

கேள்வி: மாஃபைப் பெரிய குழாயில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். விட்டம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். அதே வோல்டேஜுக்கு ஏறக்குறைய அவ்வளவு அதிகக் காற்று போகும். டேபிளைப் புதிதாக எடுங்கள். குழாய் வளையும் இடத்தை ஒட்டி மாட்டாதீர்கள்.

கேள்வி: ரேஸ் கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்துவைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்டிருக்கிறேன். ஐடிலில் மட்டும் மிக்ஸ்சர் ரிச்சாகிறது (பெட்ரோல் கூடுகிறது).

பதில்: காற்று பின்னோக்கி வருகிறது. சாதாரண ஹாட் வயருக்குத் திசை தெரியாது, திரும்பி வருவதையும் சேர்த்தே எண்ணும். சென்சாரைத் த்ராட்டிலிலிருந்து தள்ளி மாட்டுங்கள். மீதியை டேபிளின் ஐடில் பகுதியில் குறையுங்கள். பழைய மீட்டரில் ஐடில் மிக்ஸ்சரைத் திருத்திய பைபாஸ் ஸ்க்ரூவின் வேலையும் இனி அங்கேதான்.