தன்னார்வலர் சர்வரில் வீடியோ: வாசகர் கேள்விகள்

கே: தேவனாம்பட்டினம் மாசிமகத் தீர்த்தவாரியை இரண்டு மணி நேரம் எடுத்து வைத்திருக்கிறேன். மாஸ்டடானில் ஏறவே மாட்டேன் என்கிறதே?
- வாசகர், கடலூர் முதுநகர்

ப: ஏறாது. மாஸ்டடான், தன்னார்வலர்கள் நடத்தும் சர்வர்களில் ஓடும், ட்விட்டர் மாதிரியான சமூக வலைத்தளம். அதன் இப்போதைய பதிப்புகளில் ஒரு வீடியோவுக்கு 99 எம்பிதான் வரம்பு. உங்களுடையது நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தாலே 4.5 ஜிபி வரும். இதற்கென்றே இருப்பது பியர்டியூப். ஃபிரமாசாஃப்ட் என்கிற பிரெஞ்சு அமைப்பு வளர்க்கும் வீடியோ மென்பொருள். இதையும் தன்னார்வலர்கள் தங்கள் சர்வர்களில் தனித்தனியே நடத்துகிறார்கள். முதல் முழுப் பதிப்பு 2018-இல் வந்தது. (பிரெஞ்சு என்றதும் புதுச்சேரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) மாஸ்டடான், பியர்டியூப் இரண்டுமே ஆக்டிவிட்டிபப் என்கிற பொது முறையில் தங்களுக்குள் பேசிக்கொள்பவை. உங்கள் பியர்டியூப் சேனலை மாஸ்டடானில் இருந்தபடியே பின்தொடரலாம். அங்கே எழுதும் பதில் வீடியோவுக்குக் கீழே கருத்தாக வந்துவிடும்.

ஆனால் கணக்குத் தொடங்கும் முன், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பியர்டியூப் சர்வர் ஒருவருக்கு எவ்வளவு இடம் தருகிறது, எந்த மாதிரி வீடியோவை ஏற்கிறது என்று பாருங்கள். 480, 720 என்று பல அளவுகளில் பிரதி எடுத்து வைப்பதால், நீங்கள் தரும் 4.5 ஜிபி அங்கே இன்னும் பெருகும். நூறு பேர் முழுசாகப் பார்த்தால் 450 ஜிபி வெளியே போக வேண்டும். யாரோ ஒருவர் கைக்காசில் கட்டுகிற வாடகை அது. அப்புறம், இரண்டு மணி நேரத்தையும் யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்? சாமி கடலுக்கு வரும் இருபது நிமிடத்தை வெட்டிப் போடுங்கள்.

கே: பியர்டியூபில் பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் வீடியோவை அனுப்பிக்கொள்வார்களாமே, பாதுகாப்பா?
- வாசகி, முத்தியால்பேட்டை

ப: ஒரே நேரத்தில் பலர் பார்த்தால், பிரவுசர்கள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும். சர்வரின் பாரம் குறையும். ஆனால் உங்கள் ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) உங்களோடு சேர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியவரலாம். பிடிக்கவில்லையா, அமைப்புகளில் பி2பி-யை, அதாவது இந்த நேரடிப் பகிர்வை, அணைத்துவிடுங்கள். வீடியோ வழக்கம்போல ஓடும். பகிர்வதற்கும் டேட்டா செலவாகும் என்பதால், மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

கே: விளம்பர வருமானம் வருமா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

ப: வராது. வீடியோவுக்குக் கீழே நன்கொடை இணைப்பு கொடுக்கலாம், அவ்வளவுதான்.

கே: சர்வரை மூடிவிட்டால் என் வீடியோ என்னாகும்?
- வாசகர், வில்லியனூர்

ப: போய்விடும். மற்ற சர்வர்களுக்குத் தலைப்பு, விவரம் மாதிரியான தகவல்தான் போகும். கோப்பு நீங்கள் ஏற்றிய இடத்தில்தான் இருக்கும். வேறு சர்வர் நிர்வாகி விரும்பினால் நகல் வைத்து உதவலாம், ஆனால் அதுவும் பாரத்தைப் பங்கிடத்தான், சேமித்துக் காப்பதற்கு அல்ல. கணக்கை ஏற்றுமதி செய்யும் வசதி 2024 முதல் இருக்கிறது, நிர்வாகி அனுமதித்திருந்தால். எதுவானாலும் அசல் கோப்பை ஹார்டு டிஸ்கில் வையுங்கள், முடிந்தால் இரண்டில்.