டிவிடி டிரைவை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி: எதை எங்கே மாட்டினால் சத்தம் குறையும்?

கேள்வி: என் பழைய லேப்டாப்பின் டிவிடி டிரைவை நான் பயன்படுத்துவதே இல்லை. ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போடுகிறது. ஹார்ட் டிஸ்க்கின் இரைச்சலும் தொடர்ந்து கேட்கிறது. டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தில் எஸ்எஸ்டி பொருத்தினால் அமைதியாகிவிடுமா?

பதில்: சுழலும் பாகம் எதுவும் இல்லாத டிஸ்க்தான் எஸ்எஸ்டி. அதைப் பொருத்துவது சரிதான், ஆனால் அந்த இடத்தில் வேண்டாம். உள்ளே டிஸ்க் இல்லாத டிவிடி டிரைவ், ஆன் செய்த சில நொடிகள் லென்ஸை நகர்த்திப் பார்த்துவிட்டு அடங்கிவிடும். ஓயாமல் கேட்கும் இரைச்சல் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் ஃபேனிலிருந்தும் வருவது. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு டிவிடி டிரைவை மட்டும் மாற்றினால் அந்த இரைச்சல் குறையாது.

ஆகவே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அந்த இடத்தில் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். வேகத்துக்கும் அதுவே நல்லது. பல லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க் இணைப்பு விநாடிக்கு 6 ஜிகாபிட் வேகம் தரும். டிவிடி டிரைவின் இணைப்பு 3 அல்லது 1.5 ஜிகாபிட்டோடு நின்றுவிடும். சில மாடல்களின் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருள்), டிவிடி இடத்தில் உள்ள டிஸ்க்கிலிருந்து விண்டோஸைத் தொடங்கவே விடாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கும் கூடவே வேண்டுமென்றால் கேடி தேவை. டிவிடி டிரைவின் அளவிலேயே இருக்கும், உள்ளே ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தும் சட்டகம் அது. டிவிடி டிரைவின் மின் இணைப்பில் 6 பின்கள், ஹார்ட் டிஸ்க்கில் 15. நேரடியாகப் பொருந்தாததால்தான் இது தேவைப்படுகிறது. ஆனால் அமைதிதான் முக்கியம் என்றால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹார்ட் டிஸ்க்கின் சொந்த இடத்தில் அதிர்வைத் தாங்க ரப்பர் இருப்பதுண்டு. கேடியில் பெரும்பாலும் இருக்காது, அதிர்வு நேராக லேப்டாப்பின் உடலுக்கு இறங்கும். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு, தேவையானபோது மட்டும் செருகுவது நல்லது. கேடியில்தான் வைப்பேன் என்றால், விண்டோஸின் பவர் அமைப்பில் சில நிமிடங்கள் பயன்படுத்தாவிட்டால் ஹார்ட் டிஸ்க் நிற்கும்படி வையுங்கள்.

கேடி வாங்குமுன் டிவிடி டிரைவை வெளியே எடுத்து தடிமனை அளந்துவிடுங்கள். 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. மாறி வாங்கினால் ஒன்று உள்ளே போகாது அல்லது உள்ளே ஆடும். மிகப் பழைய லேப்டாப் என்றால் டிஸ்க் இணைப்பு புதிய வகையான சாட்டாவா, பழைய வகையான ஐடிஇயா என்றும் பாருங்கள். எஸ்எஸ்டியின் தடிமன் பொதுவாக 7 மி.மீ.; 9.5 மி.மீ. இடத்தில் ஆடினால் இடைவெளியை நிரப்பும் மெல்லிய ஸ்பேசர் வையுங்கள்.

முதலில் முக்கியக் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு எஸ்எஸ்டியை யுஎஸ்பி–சாட்டா கேபிளில் இணைத்து, பழைய டிஸ்க்கை விண்டோஸோடு அப்படியே அதில் நகலெடுங்கள், அதாவது குளோன் செய்யுங்கள். நிரம்பியிருக்கும் அளவு எஸ்எஸ்டியின் கொள்ளளவுக்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால், குளோன் செய்யுமுன்பே அணைத்துவிடுங்கள்.

லேப்டாப்பை முழுமையாக ஷட்டவுன் செய்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில் அதன் கனெக்டரைப் பிரியுங்கள். டிவிடி டிரைவைப் பல மாடல்களில் அடிப்பக்கத்து ஒற்றை ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். அதைக் கழற்றி டிரைவைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். முன்பக்கச் சிறு துளையில் பேப்பர் கிளிப்பை நுழைத்துத் தட்டைத் திறந்து, முகப்பு பிளாஸ்டிக்கின் கொக்கிகளை மெதுவாக விடுவியுங்கள். அதையும் பின்புறத்து உலோகத் துண்டையும் கேடிக்கு மாற்ற வேண்டும். பலரும் மறப்பது அந்த உலோகத் துண்டைத்தான். அது இல்லாவிட்டால் ஸ்க்ரூ பிடிக்க இடமிருக்காது, கேடி நகர்ந்து இணைப்பு விட்டுவிட்டு வரும். டிவிடி டிரைவை எடுத்துவிட்டு, இரண்டாவது டிஸ்க் வேண்டாதவர்களும் வெறும் கேடியையாவது மாட்டுங்கள். திறந்த இடம் தூசியை உள்ளே விடும்.

குளோன் செய்த பின் முதல் முறை எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். இரண்டு டிஸ்க்குகளும் ஒரே அடையாள எண்ணோடு இருந்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கலாம், அல்லது பழைய டிஸ்க்கிலிருந்தே தொடங்கி உங்களைக் குழப்பலாம். சில நாட்கள் எல்லாம் சரியாக ஓடியதும் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து பயன்படுத்துங்கள்.

கேடியில் உள்ள டிஸ்க் தெரியவே இல்லையா? சில கேடிகளின் சர்க்யூட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். லேப்டாப்பை அணைத்து அதை அடுத்த நிலைக்கு நகர்த்திப் பாருங்கள். பயாஸில் சாட்டா முறை ஐடிஇ என்றிருந்தால் ஏஹெச்சிஐ என்ற இன்னொரு முறைதான் எஸ்எஸ்டிக்கு ஏற்றது. ஆனால் விண்டோஸில் அதற்கான டிரைவரை இயக்காமல் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் பிழை காட்டும் நீலத் திரைதான் வரும். எஸ்எஸ்டி எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்பதை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும்: சாட்டா 600 என்றால் 6 ஜிகாபிட், 300 என்றால் 3.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்த பிறகும் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் ஃபேன்தான். தூசியைச் சுத்தம் செய்து, பிராசசரின் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். கழற்றிய டிவிடி டிரைவுக்கு ஸ்லிம் சாட்டா யுஎஸ்பி உறை கிடைக்கும். எழுதும்போது இடையில் நின்றுபோனால் யுஎஸ்பி 2 போர்ட் தரும் 500 மில்லி ஆம்பியர் போதாமல் இருக்கலாம். இரண்டு போர்ட்களில் செருகும் கேபிளோடு வரும் உறையாகப் பார்த்து வாங்குங்கள்.