எஸ்.இ.ஓ. சேவைக்குப் பணம் கட்டும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கைவினைப் பொருள்கள் விற்கும் இணையதளம் வைத்திருக்கிறேன். “மூன்றே மாதத்தில் கூகுளில் முதலிடம், வராவிட்டால் பணம் வாபஸ்” என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாக முன்பணமாகக் கேட்கிறார்கள். கட்டலாமா?

கட்ட வேண்டாம். எஸ்.இ.ஓ. என்பது தேடல் முடிவுகளில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. செய்த வேலைக்குப் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்றும் அங்கேயே இருக்கிறது. “எங்களுக்குக் கூகுளில் ஆள் இருக்கிறது” என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இந்த உத்தரவாதம் எப்படி நிறைவேற்றப்படுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் கடைப் பெயரோடு மேலும் மூன்று சொற்களைச் சேர்த்து ஒரு தொடரைத் தேர்ந்தெடுப்பார்கள். உலகில் ஒருவரும் அதைத் தேடுவதில்லை, போட்டியும் இல்லை, ஆகவே முதலிடம் தானாக வரும். ஒப்பந்தப்படி வேலை முடிந்துவிடும், உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடைத்திருக்க மாட்டார். வேறு சிலர் கூகுள் விளம்பரம் கொடுத்து, அதில் வந்த கிளிக்குகளைத் தங்கள் சாதனையாகக் கணக்குக் காட்டுவார்கள். விளம்பரத்துக்குச் செலவிடுவதால் விளம்பரமல்லாத முடிவுகளில் தளம் ஒரு படிகூட மேலே ஏறாது. விளம்பரத்தை நிறுத்திய நாளே அந்த வரவும் நின்றுவிடும்.

நல்ல ஏஜென்சியைக் கண்டுபிடிக்க ஒரு வழி: முதலில் தணிக்கைக்கு மட்டும் பணம் கொடுங்கள். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவியான சர்ச் கன்சோலில் பார்வையிடும் அனுமதி மட்டும் கொடுத்தால் அதற்குப் போதும். எந்தப் பக்கத்தில் என்ன பிழை, எப்படித் திருத்துவது, எதை முதலில் செய்வது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த அறிக்கையில் உங்கள் தளத்தின் பக்கங்கள் முகவரியோடு குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். எந்தத் தளத்துக்கும் பொருந்தும் பொதுவான அறிக்கை வந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி: தளம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. கூகுளில் கடைப் பெயரைத் தேடினாலும் வரவில்லை. எஸ்.இ.ஓ. ஆளை அமர்த்த வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பிரச்சினை தரவரிசை அல்ல. தளம் கூகுளின் இண்டெக்ஸுக்குள்ளேயே, அதாவது தேடலுக்காக அது சேர்த்து வைத்திருக்கும் பக்கங்களின் தொகுப்புக்குள்ளேயே, போகவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கூகுள் தேடல் பெட்டியில் ‘சைட்’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரு பக்கமும் வரவில்லையென்றால் சந்தேகம் ஏறத்தாழ உறுதி. அடுத்து இலவசமான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேருங்கள். டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்கான அமைப்புகள்) பகுதியில், கூகுள் தரும் எழுத்து வரியை ஒரு டிஎக்ஸ்டி பதிவாகச் சேர்த்து உரிமையை உறுதிசெய்வது சிறந்த வழி. தளத்தின் எல்லா முகவரி வடிவங்களையும் (டபிள்யூ.டபிள்யூ.டபிள்யூ. உள்ளது, இல்லாதது போன்றவை) அது ஒன்றாகக் காட்டும். பிறகு மேலே உள்ள பெட்டியில் முகப்புப் பக்க முகவரியை ஒட்டிச் சோதியுங்கள். ஏன் சேரவில்லை என்று அதுவே சொல்லும்.

வழக்கமான குற்றவாளிகள் சிலர்தான். தளம் கட்டும்போது தேடுபொறிகள் பார்க்கக் கூடாது என்று வைத்த ‘நோஇண்டெக்ஸ்’ குறியை எடுக்க மறந்திருப்பார்கள். வேர்ட்பிரஸ் தளமானால் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தின் அடியில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் ஒரு டிக் பெட்டி இருக்கும். அது டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட்டுச் சேமியுங்கள். இரண்டாவது, எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பு. அதில் ‘டிஸ்அலவ்’ என்ற சொல்லுக்கு அடுத்து ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத் தளத்துக்கும் பூட்டு போட்டதாகப் பொருள். மூன்றாவது, ஒரு பக்கத்தின் முதன்மை முகவரி எது என்று சொல்லும் கேனானிக்கல் குறி இன்னும் சோதனைத் தளத்தின் முகவரியையே சுட்டிக்கொண்டிருப்பது.

இதில் ஒரு நுணுக்கம், தொழில் தெரிந்தவர்களே தடுக்கி விழும் இடம். ஒரு பக்கத்தைக் கூகுளிலிருந்து நீக்க நினைத்து நோஇண்டெக்ஸ் குறியும் போட்டு, ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்துவிடுவார்கள். தடுத்த பக்கத்தைக் கூகுள் திறந்தே பார்க்காது, ஆகவே உள்ளே இருக்கும் குறி அதன் கண்ணில் படாது. வேறு தளங்களிலிருந்து லிங்க் இருந்தால் அந்த முகவரி விளக்கமே இல்லாமல் தேடல் முடிவில் நின்றுகொண்டிருக்கும். நீக்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து வைத்துக் குறியைப் படிக்க விடுங்கள்.

எல்லாம் சரியென்றால் தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பைச் சர்ச் கன்சோலில் சமர்ப்பியுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரி அல்லது 50 எம்பி வரை இருக்கலாம், சிறு தளத்துக்கு அது தாராளம். முக்கியமான நாலைந்து பக்கங்களுக்கு மட்டும் இண்டெக்ஸ் கோரிக்கை கொடுங்கள். அதே பக்கத்துக்குத் தினமும் கொடுப்பதால் வேகம் கூடாது. அறிக்கையில் ‘டிஸ்கவர்டு’ என்றிருந்தால் முகவரி தெரியும், இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். ‘கிரால்டு’ என்று தொடங்கி இண்டெக்ஸ் ஆகவில்லை என முடிந்தால், படித்துப் பார்த்தும் சேர்க்கவில்லை என்று அர்த்தம். முன்னதற்குக் காத்திருக்கலாம், அந்தப் பக்கத்துக்கு உள் லிங்க்குகள் கொடுக்கலாம். பின்னதற்குப் பக்கத்தில் உள்ள சரக்கைத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: இண்டெக்ஸ் ஆகிவிட்டது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கிளிக் வந்தாலே பெரிது. கீவேர்டு நிறையச் சேர்த்தால் போதுமா?

போதாது. பக்கத்தின் மறைவான பகுதியில் போடும் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. அதை நிரப்பித் தருவதற்கு இன்றும் கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைத் திறந்து, கடைசி மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்து, தேடல் சொற்களை இம்ப்ரெஷன் (முடிவுகளில் உங்கள் தளம் தோன்றிய எண்ணிக்கை) வரிசையில் அடுக்குங்கள். சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ளவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் அந்தச் சொற்களுக்கு உங்களை ஏற்கெனவே பொருத்தமானவராகக் கருதுகிறது, ஆனால் ஆள் பார்க்கும் உயரத்தில் வைக்கவில்லை. புதிய பக்கம் எழுதுவதைவிட இவற்றைச் சீர்செய்வது சீக்கிரம் பலன் தரும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முகப்புப் பக்கமே வந்தால், அந்தப் பொருளுக்கெனத் தனிப் பக்கம் இல்லை என்பதுதான் கோளாறு. தனிப் பக்கம் இருந்தால் அதன் டைட்டிலைப் பாருங்கள். “முகப்பு”, “பொருள்கள்” என்று மொட்டையாக இருக்கும். ‘கைத்தறித் துண்டு: அளவுகள், துவைக்கும் முறை’ என்பதுபோல் வாங்குபவர் தேடும் சொல்லை முன்னால் வையுங்கள். டைட்டிலுக்குக் கீழே வரும் விளக்க வரி தரவரிசையை மாற்றாது, ஆனால் கிளிக் செய்வதா வேண்டாமா என்று வாசிப்பவர் அதை வைத்து முடிவு செய்யக்கூடும். அதனால் நேரம் ஒதுக்கி எழுதுங்கள்.

பிறகு பக்கத்தின் உள்ளே: உற்பத்தியாளர் கொடுத்த விளக்கத்தையே நூறு கடைகள் ஒட்டியிருக்கும்போது உங்களை முன்னால் நிறுத்தக் காரணமில்லை. இதற்குத் தண்டனை கிடையாது, தேர்ந்தெடுக்கப்பட மாட்டீர்கள், அவ்வளவுதான். நீள அகலம், எடை, எதற்குப் பொருந்தாது, எப்படிப் பராமரிப்பது என்று பொருளைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே எழுதக்கூடியதை எழுதுங்கள். விலைப்பட்டியலையும் விவரத்தையும் படமாகப் போட்டிருந்தால் எழுத்தாக மாற்றுங்கள். கடைசியாக, தளத்தின் மற்றப் பக்கங்களிலிருந்து இந்தப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். “இங்கே கிளிக் செய்க” என்று போடாமல் பொருளின் பெயரிலேயே லிங்க் இருக்கட்டும்.

உங்கள் கைபேசியில் தேடிப் பார்த்து இடத்தை அளக்காதீர்கள். இருக்கும் ஊரையும் சாதனத்தையும் பொறுத்து முடிவுகள் மாறும்.

கேள்வி: ஆயிரம் பேக்லிங்க் தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கினால் பயன் உண்டா?

பேக்லிங்க் என்பது வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் லிங்க். தொகுப்பாக வாங்கினால் பணமும் போகும், தளமும் சிக்கலில் மாட்டலாம். தரவரிசைக்காக லிங்க் வாங்குவதும் விற்பதும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானவை. 2012இல் வந்த, கூகுளின் தரவரிசை முறையில் ‘பெங்குவின்’ என்ற மாற்றம் குறிவைத்ததே இத்தகைய லிங்க்குகளைத்தான். இப்போது பெரும்பாலும் அவை கணக்கில் எடுக்கப்படாமலே போகும். மனிதர் பார்த்து நடவடிக்கை எடுத்தால் சர்ச் கன்சோலின் ‘மேனுவல் ஆக்‌ஷன்’ பகுதியில் அறிவிப்பு வரும். லிங்க்குகளை நீக்கி, முடியாதவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் மறுப்புப் பட்டியலில் சேர்த்து, மறுபரிசீலனை கேட்க வேண்டியிருக்கும். காசு கொடுத்து விளம்பரமாக லிங்க் வைப்பது தவறல்ல, அதற்கு ‘ஸ்பான்சர்டு’ என்ற குறி வேண்டும். ‘டொமைன் அதாரிட்டி’ எண்ணை ஏற்றித் தருகிறோம் என்பவர்களையும் இதே கணக்கில் வையுங்கள். அது தனியார் கருவி ஒன்றின் மதிப்பீடு, கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை.

கேள்வி: தளத்தின் வேகத்துக்கு 100 மதிப்பெண் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அவசியமா?

100 அவசியமில்லை. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் கருவியில் மேலே தெரியும் உண்மையான பயனர் தரவைத்தான் பார்க்க வேண்டும். முக்கியப் படமோ எழுத்தோ தோன்ற 2.5 விநாடிக்குள், தொட்டதும் பதில் வர 200 மில்லிவிநாடிக்குள், பக்கம் ஏறும்போது எழுத்தும் படமும் இடம் மாறிக் குதிக்கும் அளவு 0.1க்குள். வருகைகளில் முக்கால் பங்குக்கு இவை பொருந்தினால் நல்ல நிலை. இதைத் தாண்டி எண்ணைத் துரத்துவதில் வரிசை ஏறப் போவதில்லை.

தாமதத்துக்குக் காரணம் அநேகமாகக் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய படங்கள்தான். காட்டும் அளவுக்குச் சுருக்கி, கோப்பு அளவு குறைவான வெப்பி வடிவில் ஏற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் அகல உயரம் குறியுங்கள். முதலில் தெரியும் பெரிய படத்துக்கு ‘லேசி லோடிங்’ (படத்தைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது) வேண்டாம், வேகப்படுத்தும் பிளக்-இன் அதையும் சேர்த்துத் தாமதப்படுத்தியிருக்கும். கூகுள் கைபேசி வடிவத்தைத்தான் படிக்கிறது. கணினி வடிவத்தில் மட்டும் வைத்து, கைபேசி வடிவத்தில் விட்டுவிட்ட தகவல் கணக்கில் வராது.

கேள்வி: தளத்தைப் புது வடிவத்தில் மாற்றினோம். வருகை பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. மீட்க முடியுமா?

முகவரிகள் மாறியிருந்தால் முடியும், சீக்கிரம் செய்யுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவு வைத்திருக்கும். பழைய பக்கங்களைக் கிளிக் வரிசையில் ஏற்றுமதி செய்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதே பொருளுள்ள புதுப் பக்கத்தை எழுதி, 301 திருப்பம் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதியதற்கு அனுப்பும் அமைப்பு) வையுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்புவது பலரும் செய்யும் பிழை. கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். திருப்பங்கள் குறைந்தது ஓராண்டு இருக்கட்டும். பழைய பக்கத்தில் இருந்த எழுத்து புது வடிவத்தில் விடுபட்டிருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். வடிவமைப்பாளர்கள் “நீளமாக இருக்கிறது” என்று முதலில் வெட்டுவது அதைத்தான்.

கேள்வி: தமிழில் எழுதும் தளத்துக்குத் தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எழுத்து யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையில், இருக்க வேண்டும். பழைய எழுத்துரு முறையில் தட்டிய கோப்புகள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். பழைய பிடிஎஃப்களில் இது அடிக்கடி நேரும். மொழியைக் கூகுள் பக்கத்தில் தெரியும் எழுத்தை வைத்தே அறிகிறது. பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாம். ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிந்து முகவரி நீண்டுவிடும், ஆகவே இரண்டு மூன்று சொற்களோடு நிறுத்துங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுபவர்களும் உண்டு. பொருளின் பெயரை ஒருமுறை அந்த வடிவிலும் பக்கத்தில் இயல்பாகக் குறிப்பிடலாம், பத்து முறை அடுக்க வேண்டாம்.

கேள்வி: இப்போதுள்ள ஏஜென்சியை விட்டு விலக நினைக்கிறேன். டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் அவர்கள் பெயரில் இருக்கிறது. என்ன செய்வது?

விலகுவதாகச் சொல்வதற்கு முன் டொமைனை உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள். மற்ற எதையும் மறுபடி உருவாக்கலாம், டொமைன் போனால் இதுவரை சேர்ந்த லிங்க்கும் பெயரும் சேர்ந்து போகும். பதிவாளர் நிறுவனத்தில் உங்கள் மின்னஞ்சலில் சொந்தக் கணக்குத் தொடங்கி, டொமைன் பூட்டை எடுத்து ஆத் கோடு (டொமைனை மாற்றிக்கொள்ளத் தேவையான ரகசியக் குறியீடு) தரும்படி ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தையும் கட்டண ரசீதையும் இணையுங்கள். மறுத்தால் பதிவாளரிடம் அந்த ஆவணங்களோடு புகார் கொடுங்கள்.

அடுத்து தளத்தின் முழு நகல்: கோப்புகளும் டேட்டாபேஸும் சேர்த்து. பிறகு சர்ச் கன்சோல், அனலிடிக்ஸ், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் மூன்றிலும் நீங்கள் உரிமையாளராக இருக்கிறீர்களா என்று உள்ளே போய்ப் பாருங்கள். அறிக்கை மின்னஞ்சலில் வருகிறது என்பதால் உரிமை உங்களுடையது என்று ஆகாது.

கைமாறிய பிறகு பழைய ஏஜென்சியைச் சர்ச் கன்சோல் பயனர் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அதோடு அவர்கள் உரிமையை உறுதிசெய்ய வைத்த டிஎன்எஸ் பதிவையும், தளத்தில் ஏற்றிய சரிபார்ப்புக் கோப்பையும் அழித்துவிடுங்கள். அவை இருக்கும்வரை அவர்களால் மீண்டும் உரிமையாளராக உள்ளே வர முடியும்.